வீடா, பட்டமா? மேற்கிந்தியரும் நைஜீரியரும் போட்ட இரண்டு கணக்குகள்

லண்டனில் நர்ஸாக வேலை பார்க்கும் தோழி ஒருத்தி ஒரு கேள்வியோடு போன் செய்தாள். நாலு வருடச் சேமிப்பு கையில் இருக்கிறது. அதை ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு முன்பணமாகக் கட்டுவதா, கணவரின் மேற்படிப்புக்குக் கட்டுவதா? அவளுடைய வார்டிலேயே இதற்கு இரண்டு கட்சி. ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு லண்டனில் பிறந்த மூத்த நர்ஸ், யோசிக்காமல் வீட்டை வாங்கு என்கிறாராம். நைஜீரியாவின் லாகோஸிலிருந்து வந்தவரோ, படிப்பில் போடு, வீடு தானாக வரும் என்கிறாராம். இருவரும் சொந்தக் குடும்பத்தைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

எனக்கு இது இரண்டு தனி மனிதர்களின் அபிப்பிராயமாகப் படவில்லை. அவர்கள் பின்னால் இரண்டு பெரிய கூட்டங்கள் நிற்கின்றன. ஒரு கூட்டம் வீட்டை முதலில் வைத்தது, இன்னொன்று பட்டத்தை முதலில் வைத்தது. இரண்டும் நியூயார்க்கிலும் லண்டனிலும் பல பத்தாண்டுகளாக நடந்து முடிந்த பரீட்சைகள். விடைத்தாளைப் பார்த்துவிட்டு அவளுக்குப் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன்.

மேற்கிந்தியர் என்றதும் நமக்கு ஒரு கிரிக்கெட் அணிதான் ஞாபகம் வரும். இங்கே நான் சொல்வது ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ், கயானா போன்ற, ஆங்கிலம் பேசும் நாடுகளிலிருந்து கிளம்பியவர்களை. (கயானா தீவே இல்லை, தென் அமெரிக்கக் கண்டத்தில் இருக்கிறது. ஆனாலும் கிரிக்கெட்டிலும் சரி, குடியேற்றக் கணக்கிலும் சரி, இந்தப் பக்கம்தான் சேர்ப்பார்கள்.) பெரும்பாலோர் ஆப்பிரிக்க வழி வந்தவர்கள். ஆனால் நியூயார்க்கின் ரிச்மண்ட் ஹில் பக்கம் போனால் கயானாக்காரர்களில் நம்மூர் வேர் உள்ளவர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சென்னையில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் வாரிசுகள். தமிழ் போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம்.

அமெரிக்காவில் நைஜீரியாவில் பிறந்த பெரியவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பட்டதாரிகள். மொத்த அமெரிக்கர்களில் அது மூன்றில் ஒருவர் என்ற அளவில்தான். ஜமைக்காவில் பிறந்தவர்களில் சுமாராக நாலில் ஒருவர். இதைப் பார்த்தால் நைஜீரியர்களின் வருமானம் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்று தோன்றும். இல்லை. 2010களின் கடைசி வருடங்களில் நைஜீரியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம், அதாவது வரிசையில் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், அமெரிக்க இடைநிலையைவிடக் கொஞ்சம் மேலே இருந்தது. ஜமைக்கர்களுடையது கொஞ்சம் கீழே. இரண்டுக்கும் நடுவே சில ஆயிரம் டாலர்தான். பட்டத்தில் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தவர்கள் சம்பளத்தில் ஒரு அடிதான் முன்னால். மீதி எங்கே போனது?

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. நைஜீரியாவின் மக்கள்தொகை 20 கோடிக்கு மேல். அதில் அமெரிக்காவுக்குப் போனவர்கள் 2019 வாக்கில் 4 லட்சத்தை ஒட்டித்தான். ஜமைக்காவில் இருப்பவர்கள் சுமார் 28 லட்சம். அமெரிக்காவில் மட்டும் ஜமைக்காவில் பிறந்தவர்கள் 7 லட்சத்துக்கு மேல். ஒரு நாட்டிலிருந்து அரித்து எடுத்த சிலர், இன்னொரு நாட்டிலிருந்து தெருத்தெருவாக எழுந்து வந்த ஜனம். டாக்டரும் வந்தார், பஸ் கண்டக்டரும் வந்தார், அவர் மாமியாரும் வந்தார். இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் நிறுத்தி யார் கெட்டிக்காரர் என்று கேட்பது, கல்லூரி அணியையும் ஊர் அணியையும் மோதவிட்டுத் தீர்ப்பு எழுதுவது போல. 'நைஜீரியர்களின் கலாச்சாரமே படிப்பு' என்று பேசுபவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள்.

வடிகட்டியது எது? விசா. 1948 ஜூன் 22ஆம் தேதி எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் லண்டன் அருகே டில்பரித் துறைமுகத்தில் வந்து நின்றபோது அதிலிருந்த ஜமைக்கர்களுக்கு விசாவே தேவைப்படவில்லை. அவர்கள் பிரிட்டிஷ் பிரஜைகள். 1952ல் அமெரிக்கா ஒவ்வொரு காலனிக்கும் வருடத்துக்கு 100 பேர் என்று கோட்டா போட்டதும் கூட்டம் இன்னும் அதிகமாக லண்டன் பக்கம் திரும்பியது. 1956லிருந்து, லண்டனின் பஸ்ஸையும் ரயிலையும் ஓட்டிய லண்டன் டிரான்ஸ்போர்ட் பார்படோஸுக்கே போய் ஆள் எடுத்தது. கப்பல் கட்டணத்தைப் பார்படோஸ் அரசு கடனாகக் கொடுத்தது, அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். 1962ல் பிரிட்டன் கதவைச் சாத்தியது. 1965ல் அமெரிக்கச் சட்டம் மாறியதும் கூட்டம் நியூயார்க்கின் புரூக்ளினுக்குத் திரும்பியது. அதற்கப்புறம் அண்ணன் தங்கையைக் கூப்பிட்டார், தங்கை அம்மாவைக் கூப்பிட்டாள். இந்தக் கதவுகளில் எதிலும் யாரும் பட்டச் சான்றிதழ் கேட்கவில்லை.

நைஜீரியர்களுக்குத் திறந்த கதவுகள் வேறு மாதிரி. 1970களின் எண்ணெய்க் காசில் அரசாங்க உதவித்தொகையோடு ஆயிரக்கணக்கானோர் படிக்கப் போனார்கள். திரும்பிப் போகத்தான் உத்தேசம். 1980களில் எண்ணெய் விலை விழுந்தது. 1986ல் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தார்கள். ஊரிலிருந்து வரும் பணம் நின்ற மாணவர்கள் டாக்சி ஓட்டினார்கள், அப்படியே தங்கிவிட்டார்கள். 1995லிருந்து அமெரிக்காவின் கிரீன் கார்டு குலுக்கல். அதில் கலந்துகொள்ளவே பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும், அல்லது பயிற்சி தேவைப்படும் வேலையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். ஏற்கெனவே நிறையப் பேரை அனுப்பிய நாடு என்பதால் ஜமைக்கா அந்தப் பட்டியலில் இல்லை. நைஜீரியா நிறைய அள்ளியது. அதே காரணத்தால் 2015 குலுக்கலிலிருந்து அதையும் வெளியே தள்ளினார்கள். படித்தவர்களுக்கு மட்டும் திறக்கும் கதவில் படித்தவர்கள்தானே நுழைவார்கள்?

இப்போது வீட்டுக் கதை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் இதில் சீட்டு வருகிறது.

1950களின் லண்டனில் கறுப்பர்களுக்கு வாடகைக்கு அறை கிடைப்பதே பாடு. கறுப்பர்களுக்கு இல்லை என்று ஜன்னலில் எழுதியே வைத்தார்கள். வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால் கைவிரித்தார்கள். ஜமைக்கர்கள் என்ன செய்தார்கள்? ஊரில் பழகிய 'பார்ட்னர்' போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பேர், வாரா வாரம் ஒரே தொகை, ஒவ்வொரு முறையும் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வார். நம்முடைய ஏலச் சீட்டு போலத் தள்ளுபடி கிடையாது. முறை வைத்து எடுக்கும் சீட்டுதான், வட்டியும் இல்லை. டிரினிடாடில் இதற்கு 'சூசூ' என்று பெயர், கயானாவில் 'பாக்ஸ் ஹேண்ட்'. அந்தப் பணத்தை முன்பணமாக வைத்துத்தான் பிரிக்ஸ்டனிலும் நாட்டிங் ஹில்லிலும் யாரும் சீந்தாத பழைய வீடுகளை அதிக வட்டிக்கு வாங்கினார்கள். ஒரு அறையில் குடும்பம், மற்ற அறைகள் ஊர்க்காரர்களுக்கு வாடகைக்கு.

புரூக்ளினிலும் அதே கதை. வெள்ளையர்கள் புறநகருக்கு ஓடிய காலத்தில் கிரௌன் ஹைட்ஸ், ஃபிளாட்புஷ் பக்கம் செங்கல் வீடுகள் சகாயமாக வந்தன. மருத்துவமனையில் வேலை பார்த்த அம்மா, சப்வேயில் வேலை பார்த்த அப்பா, கீழ் மாடியில் ஒரு வாடகைக் குடித்தனம். இந்த வேலைகளின் மகிமை சம்பளத்தில் இல்லை. யூனியனிலும் பென்ஷனிலும் இருந்தது. 2005 டிசம்பரில் நியூயார்க்கின் சப்வேயும் பஸ்ஸும் நின்றுபோன வேலைநிறுத்தத்தை நடத்திய ரோஜர் டூசான் டிரினிடாடில் பிறந்தவர். அந்தச் சண்டையில் பெரிய விஷயமே புதிதாகச் சேர்பவர்களின் பென்ஷன்தான். பட்டம் இல்லாத ஒரு குடும்பம் ஒரு வீடு, ஒரு பென்ஷன் என்ற இரண்டு காலில் நின்றது. இன்றைக்கு அந்த வீடுகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

வேடிக்கை என்னவென்றால் அந்தச் 'சூசூ' என்ற சொல்லே நைஜீரியாவின் யோருபா மொழியிலிருந்து போனது என்கிறார்கள். அங்கே அது 'எசுசு'. அடிமைக் கப்பல்களில் சங்கிலியோடு போனவர்கள் சீட்டையும் மனதில் எடுத்துப் போயிருக்கிறார்கள். இன்றைய நைஜீரியர்களும் 'அஜோ' என்ற பெயரில் அதையே போடுகிறார்கள். ஆக, சேமிக்கும் பழக்கத்தில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. இதில் ஒரே குறை, பத்து வருடம் தவறாமல் சீட்டுக் கட்டினாலும் வங்கியின் கிரெடிட் கணக்கில் அது தெரியாது. நைஜீரியாவில் வளர்ந்த அபே வெமிமோ என்பவர் சமீர் கோயலோடு சேர்ந்து அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனத்துக்கு 'எசுசு' என்றே பெயர் வைத்தார்கள். வாடகையை ஒழுங்காகக் கட்டுவதைக் கிரெடிட் நிறுவனங்களுக்குத் தெரிவிப்பதுதான் அதன் வேலை. 2022ல் அதன் மதிப்பு 100 கோடி டாலர் ஆனது.

பழக்கம் ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கே? வந்த வருடத்தில். 1997ல் இங்கிலாந்தில் ஒரு வீட்டின் விலை ஒருவரின் வருடச் சம்பளத்தைப் போல மூன்றரை மடங்கு. 2023ல் எட்டு மடங்குக்கு மேல். லண்டனில் இன்னும் மோசம். விண்ட்ரஷ் தலைமுறை, அதாவது அந்தக் கப்பலிலும் அதன் பின்னாலும் வந்த மேற்கிந்தியர்கள், வாங்கியது அந்த ஏற்றத்துக்கு முன்னால். நைஜீரியர்களில் பெரும்பங்கு வந்தது பின்னால். 2016லிருந்து 2018 வரையிலான கணக்குப்படி இங்கிலாந்தில் கறுப்பு கரீபியக் குடும்பங்களில் (மேற்கிந்தியருக்குக் கணக்கெடுப்பில் இதுதான் பெயர்) 40 சதவீதம் சொந்த வீட்டில் இருந்தன. கறுப்பு ஆப்பிரிக்கக் குடும்பங்களில் 20 சதவீதம்தான். வெள்ளை பிரிட்டிஷ் குடும்பங்களில் 68. இன சமத்துவத்துக்கான ஆய்வு அமைப்பான ரன்னிமீட் டிரஸ்ட் 2020ல் வெளியிட்ட ஆய்வில் சொத்துக் கணக்கு இருக்கிறது: வெள்ளை பிரிட்டிஷ் குடும்பத்திடம் ஒரு பவுண்டு இருந்தால் கரீபியக் குடும்பத்திடம் 20 பென்ஸ், ஆப்பிரிக்கக் குடும்பத்திடம் 10 பென்ஸ். 'ஆப்பிரிக்கர்' என்ற அந்தக் கட்டத்துக்குள் சோமாலியரும் கானாக்காரரும் அடக்கம், நைஜீரியர்களைத் தனியாகப் பிரித்துச் சொல்வதில்லை. அதனால் இதை அப்படியே நைஜீரியர் தலையில் எழுதக் கூடாது. ஆனாலும் திசை தெரிகிறது. படிப்பில் பின்னால் நிற்பவர்கள் சொத்தில் முன்னால் நிற்கிறார்கள்.

தோழியிடம் இதுவரை சொன்னபோது, அப்படியானால் வீடுதான் என்றாள். அவசரப்படாதே என்றேன். பிள்ளைகள் கணக்கு பாக்கி இருக்கிறது.

இங்கிலாந்துப் பள்ளிகளில் கறுப்பு ஆப்பிரிக்கப் பிள்ளைகள், அதிலும் நைஜீரியக் குடும்பத்துப் பிள்ளைகள், 16 வயதுப் பொதுத்தேர்வில் நன்றாக வருகிறார்கள். கரீபியப் பிள்ளைகள் சராசரிக்குக் கீழே. பள்ளியிலிருந்து நிரந்தரமாக வெளியேற்றப்படுவதில் 2010களில் கரீபியப் பிள்ளைகளின் விகிதம் வெள்ளைப் பிள்ளைகளைப் போல மூன்று மடங்கை ஒட்டி இருந்தது. அம்மாவும் அப்பாவும் ஷிப்டு ஷிப்டாக உழைத்து வாங்கிய வீட்டிலிருந்து போன பிள்ளையை, பள்ளி கடைசி பெஞ்சில் உட்கார வைத்தது. டாக்டரின் மகளாக வந்தால் பள்ளியோடு வாதாடத் தெரியும். பஸ் கண்டக்டரின் மகனுக்கு வாதாட யார் இருந்தார்கள்? வீடு வாங்கிய கணக்கில் வராத செலவு இது.

விண்ட்ரஷ் தலைமுறைக்கு இன்னொரு அடியும் விழுந்தது. பிரஜையாக வந்தவர்கள், காகிதம் எதுவும் எடுத்து வைக்கவில்லை. அவர்கள் வந்து இறங்கிய பதிவுச் சீட்டுகளை உள்துறையே 2010ல் அழித்தது. 2018ல் விவகாரம் வெடித்தபோதுதான் வெளியே தெரிந்தது: 50 வருடம் வரி கட்டியவர்கள் வேலை இழந்திருந்தார்கள், சிலருக்கு வைத்தியம் மறுக்கப்பட்டிருந்தது, சிலர் நாடு கடத்தப்பட்டிருந்தார்கள். செங்கல் இருந்தது, காகிதம் இல்லை. அமெரிக்காவில் 2008ல் வேறு விதமாக அடி விழுந்தது. தென்கிழக்கு குயின்ஸிலும் கிழக்கு ஃபிளாட்புஷ்ஷிலும் மோசமான கடன்களைத் தலையில் கட்டிய வீடுகள் ஜப்திக்குப் போயின. (குயின்ஸில் 'ஜமைக்கா' என்றே ஒரு ஊர் இருக்கிறது. தீவுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, பழங்குடிச் சொல். ஆனால் ஜமைக்கர்கள் இருக்கிறார்கள்.)

பட்டத்தின் பக்கமும் ஓட்டைகள் உண்டு. முதலில் கேட்ட கேள்விக்கு, மீதி எங்கே போனது என்பதற்கு, பதில் இங்கேதான். லாகோஸில் வாங்கிய மருத்துவப் பட்டம் ஹூஸ்டனில் இறங்கிய அன்றே வேலை தருவதில்லை. தேர்வுகள், மறுபடி பயிற்சி, லைசென்ஸ். அதற்குள் நாலைந்து வருடம் ஓடிவிடும். மருத்துவம், நர்ஸிங், மருந்தியல் என்று லைசென்ஸ் உள்ள தொழிலில் இருப்பவர்கள் ஒரு வழியாகக் கரையேறிவிடுகிறார்கள். பொருளாதாரத்திலோ நிர்வாகத்திலோ முதுகலை வாங்கியவர்கள் பலர் டாக்சியிலும் முதியோர் பராமரிப்பிலும் நிற்கிறார்கள். கடன் வாங்கிப் படித்தவர் நிலைமை இன்னும் பரிதாபம். 2023 ஜூனில் நைஜீரிய நாணயமான நைராவை மிதக்கவிடுவதற்கு, அதாவது விலையைச் சந்தையிடம் விடுவதற்கு, முன் ஒரு டாலருக்குச் சுமார் 460 நைரா. 2024 பிப்ரவரியில் 1,500ஐ ஒட்டி. நடுப் படிப்பில் இருந்த மாணவர்களுக்குக் கட்டணம் மூன்று மடங்கானது. வடகிழக்கு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் கட்டணத் தவணை தவறிய நைஜீரிய மாணவர்களை 2024ல் படிப்பிலிருந்து நீக்கி, நாட்டைவிட்டு வெளியேற வேண்டிய நிலைக்குத் தள்ளியது.

பட்டத்துக்குள்ளேயும் மேல்சாதி கீழ்சாதி உண்டு என்பதை ஜமைக்க நர்ஸ்கள் முன்பே அனுபவித்திருக்கிறார்கள். 1950, 60களில் பிரிட்டிஷ் மருத்துவமனைகள் அவர்களில் பலரை மூன்று வருட முழுப் பயிற்சிக்கு அனுப்பாமல், இரண்டு வருட இரண்டாந்தரப் பயிற்சியில் சேர்த்துவிட்டன. வந்து சேர்ந்த பெண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. இரண்டு வருடத் தாளோடு வார்டு சிஸ்டர், அதாவது வார்டுத் தலைமை நர்ஸ், ஆக முடியாது, ஊருக்குத் திரும்பினால் அதை நர்ஸ் படிப்பாகவே ஏற்கமாட்டார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்த மூத்த நர்ஸ் காகிதத்தை நம்பாமல் செங்கல்லை நம்புவது எனக்கு இங்கேதான் புரிந்தது. அவருடைய அம்மா தலைமுறையிடம் காகிதம் பொய் சொல்லியிருக்கிறது.

இரண்டு கூட்டமும் பணத்தைப் போட்ட மூன்றாவது இடம் ஒன்று உண்டு, ஊர். ஜமைக்காவின் மாண்டெவில் நகரில் ஓய்வுபெற்றுத் திரும்பியவர்களின் பெரிய பெரிய வீடுகள். நைஜீரியர்களும் கிராமத்தில் ஒரு வீடாவது கட்டாமல் ஓய்வதில்லை, வருடத்தில் இரண்டு வாரம் பூட்டைத் திறப்பதற்காக. நமக்குப் பழக்கப்பட்ட காட்சிதான். இது கௌரவம், முதலீடு இல்லை. நைரா விழுந்த விதத்தைப் பார்த்தவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் அவளிடம் சொன்னது இது. கணவருக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் நிர்வாக முதுகலை வேண்டவே வேண்டாம். லைசென்ஸும் இல்லாத, சம்பளப் படியும் ஏறாத பட்டத்துக்குச் சேமிப்பைக் கொட்டுவது, நைஜீரியர்கள் பட்ட அடியைக் காசு கொடுத்து வாங்குவது. இருவருக்கும் நிரந்தர வசிப்புரிமை கிடைத்தபின் சேர்ந்தால் கட்டணம் உள்ளூர்க்காரர் கட்டணம், முதுகலைக்கு அரசுக் கடனும் உண்டு. 2025ல் இருந்த விதிப்படி அதற்கு ஐந்து வருடம், அவளுக்கு ஒரு வருடம்தான் பாக்கி. ஆனால் பிரிட்டன் அரசின் 2025 மே மாத வெள்ளை அறிக்கை அதைப் பத்து வருடமாக்கப் பேசியது, அதனால் அந்தத் தேதியை நம்பி எதையும் கட்டிப்போட முடியாது. வீடும் இன்றைக்கே அவசரமில்லை. விசாவில் இருப்பவரிடம் பல வங்கிகள் கூடுதல் முன்பணம் கேட்கின்றன. ஒருவேளை வசிப்புரிமை தள்ளிப்போனால், வாடகையில் கரைவதைவிடப் பெரிய முன்பணத்தோடு சின்ன ஃபிளாட் மேல். லண்டனுக்கு வெளியே என்றால் இன்னும் மேல்.

லாகோஸ் நர்ஸ் சொன்னதிலும் ஒரு பாதி சரி. படிப்பில் போட வேண்டும், ஆனால் அவள் படிப்பில். அரசு மருத்துவமனைச் சம்பளப் படியில் பேண்ட் 5லிருந்து 6க்கு ஏற உதவும் சிறப்புப் பயிற்சி இருக்கிறது. கணவரின் முதுகலையோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம், படி ஏறினால் சம்பளம் உயரும், பென்ஷனும் அதோடு சேர்ந்து உயரும். கணவருக்கு முதலில் கேட்க ஒரு மாதிரி இருந்ததாம். இருக்கட்டும்.

போன வாரம் பேசியபோது பயிற்சிக்கு விண்ணப்பித்திருப்பதாகச் சொன்னாள். ஃபிளாட் பேச்சு நிற்கிறது, வசிப்புரிமை விண்ணப்பத்துக்கே ஆளுக்கு மூவாயிரம் பவுண்டை ஒட்டி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் வார்டில் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதச் சீட்டு தொடங்கியிருக்கிறார்கள். மூத்த நர்ஸ் அதைப் பார்ட்னர் என்கிறார், லாகோஸ்காரர் அஜோ என்கிறார், இவள் சீட்டு என்கிறாள். பணத்தை வாங்கி வைப்பது மூத்த நர்ஸ்தான். இவளுக்கு எட்டாவது முறை விழுந்திருக்கிறது. விண்ணப்பத் தேதி அதற்கு முன்னால் வருகிறது, நாலாவது முறைக்காரரிடம் மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.